பிஸ்னஸ் கிளாஸுக்கு மேலதிகக் காசு கட்டலாமா? மட்டக்களப்பு, அம்பாறைப் பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பயணத் திகதி முடிவானதும் எங்களிடம் அடுத்ததாக வருவது இந்தக் கேள்விதான்: "இன்னும் கொஞ்சம் காசு கட்டினா பிஸ்னஸ் கிளாஸ் தாறானாம், எடுக்கலாமா?" விமானக் கம்பனியிலிருந்து ஈமெயில் வந்திருக்கும், இல்லாவிட்டால் வெளிநாட்டிலிருக்கும் மகன் சொல்லியிருப்பார். ரிக்கெட் போட வருகிறவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே சேர்த்துப் போட்டிருக்கிறோம். உயர் வகுப்பு ரிக்கெட் விற்றால் எங்கள் கைக்கு வருவதும் கூடத்தான். அதையும் மனதில் வைத்து வாசியுங்கள்.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: காசுக்குப் பெறுமதியா, இல்லையா?

இரவில் பறக்கிற, எட்டு மணித்தியாலத்துக்கு மேல் நீளுகிற ஒரு துண்டுக்கு (ஒரு இடத்தில் ஏறி அடுத்த இடத்தில் இறங்கும் வரையான பறப்புக்கு) மட்டும், படுத்து உறங்கியே ஆகவேண்டிய ஒருவருக்குப் பெறுமதி. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் இல்லை. போக, வர, எல்லாத் துண்டுக்கும் கட்டக்கூடிய வசதி உள்ளவர்களுக்கு இந்தப் பக்கம் தேவைப்படாது.

காசு கட்டினால் அப்படி என்னதான் கூடக் கிடைக்கும்?

படுக்கை. மிச்சமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எக்கொனமியில் உங்கள் இருக்கைக்கும் முன்னிருக்கைக்கும் இடையே பொதுவாக 31, 32 அங்குலம். இருக்கையின் அகலம் 17, 18 அங்குலம். நீண்டதூர பிஸ்னஸில் இருக்கை தட்டையாக விரிந்து ஆறடிக்கு மேல் நீளும். அதோடு விமான நிலையத்தில் லவுஞ் (தனிக் காத்திருப்புக் கூடம்), நிற்காமல் செக்-இன், கூடுதல் பொதி, கண்ணாடிக் குவளை, துணி விரித்த சாப்பாடு. சாப்பாட்டுக்காக யாரும் மேலதிகக் காசு கட்டவேண்டாம். மட்டக்களப்பில் ஒரு நல்ல நண்டுக் கறி சாப்பிட்டவருக்கு ஆகாயத்தில் சூடாக்கிய எதுவும் பெரிதாகத் தெரியாது.

மாறாத ஒன்றும் உண்டு: காற்று. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரமான மலையில் இருக்கும் அளவுக்கு. அதாவது நுவரெலியாவோ அதற்கும் மேலோ. ஈரப்பதன் 20 வீதத்துக்கும் கீழே போகும். ஆகவே காதடைப்பும் தொண்டை வரட்சியும் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் ஒன்றுதான். இதில் வித்தியாசம் வேண்டுமென்றால் வகுப்பைப் பார்க்காமல் விமானத்தைப் பாருங்கள். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இரண்டிலும் உள்ளழுத்தம் ஆறாயிரம் அடி அளவில் வைக்கப்படுகிறது.

கொழும்பு–லண்டன் நேரடி விமானத்தில் போகும்போது எடுப்பதா, வரும்போதா?

ஒன்றைத்தான் எடுக்கமுடியும் என்றால் வரும்போது. காரணம் நேரசூசியில் இருக்கிறது.

ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் லண்டன் விமானம் வழமையாகக் கட்டுநாயக்காவிலிருந்து மதியத்தை ஒட்டிப் புறப்பட்டு, ஏறக்குறைய 11 மணித்தியாலம் பறந்து, லண்டன் நேரப்படி அன்று மாலையே இறங்கிவிடும். முழுக்கப் பகல். உடம்பு விழித்திருக்கிற நேரத்தில் படுக்கைக்குக் காசு கட்டுகிறீர்கள். திரும்பும் விமானம் லண்டனில் இரவு புறப்பட்டு மறுநாள் மதியமளவில் இங்கே இறங்கும். அது உண்மையான இரவு. தட்டையாகப் படுத்தால் தூக்கம் வரும். நேரசூசி பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் உங்கள் ரிக்கெட்டிலுள்ள நேரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஆனால் நம் பக்கத்தாருக்கு இந்தக் கணக்கு ஓர் இடத்தில் குழம்புகிறது. கொழும்பில் இருப்பவர் காலையில் எழுந்து குளித்துவிட்டு விமான நிலையம் போவார். நாங்கள்? மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவை, ஹபறணை, குருநாகல் வழியாக ஏழு மணித்தியாலமாவது வேண்டும். அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்றால் இன்னும் கூட. அம்பாறையிலிருந்து மகாஓயா, மகியங்கனை வழியாகக் கண்டிக்கு ஏறுபவர்களுக்குப் பதினெட்டு வளைவு வேறு. இரவில் வான் வண்டியில் ஏறி, வழியனுப்ப வந்த ஆறு பேரோடு இடுங்கிக்கொண்டு, விடியக் கட்டுநாயக்காவில் இறங்குபவர் ஒரு இரவுத் தூக்கத்தை ஏற்கனவே இழந்துவிட்டார். அவருக்குப் பகல் விமானமும் இரவு விமானம்தான்.

அதற்கு மருந்து பிஸ்னஸ் கிளாஸ் இல்லை. முதல் நாள் பகலில் புறப்பட்டு நீர்கொழும்பில் ஒரு அறை எடுத்துத் தங்குங்கள். விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. இரவு முழுக்கத் தூங்கி எழுந்து போனால் அந்த 11 மணித்தியாலத்தை எக்கொனமியிலேயே கடந்துவிடலாம். அறைக்கும் அப்கிரேடுக்கும் (உயர் வகுப்புக்கு மாறுவதற்கும்) விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

லண்டனிலிருந்து திரும்பும்போது வரி கூடுமாமே?

கூடும். பிரித்தானியாவிலிருந்து புறப்படும் பயணிகளிடம் விமானப் பயணி வரி அறவிடப்படுகிறது. தூரத்தையும் வகுப்பையும் பார்த்து அதைத் தீர்மானிக்கிறார்கள். இலங்கை 2001 முதல் 5500 மைல் வரையான பிரிவில் வருகிறது. 2026 ஏப்ரல் முதல் இந்தப் பிரிவுக்கு எக்கொனமியில் 102 பவுண், அதற்கு மேற்பட்ட வகுப்பில் 244 பவுண். பிஸ்னஸ் மட்டுமல்ல, பிரீமியம் எக்கொனமிக்கும் அதே 244தான். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எக்கொனமியில் இந்த வரி இல்லை. உயர் வகுப்புக்குப் போனால் அவர்களுக்கும் உண்டு.

ஆகவே மலிவாகத் தெரிகிற அப்கிரேட் விலையைக் கண்டால் முதலில் கேட்கவேண்டியது: இந்த 142 பவுண் வித்தியாசம் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? கொழும்பில் புறப்படும் துண்டுக்கு இந்த வரி கிடையாது. எடுக்கத் தகுந்த துண்டு எதுவோ அதற்கே வரி என்பது எரிச்சலூட்டும் விஷயம்தான்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்களேன்.

எண்கள் உதாரணத்துக்கு மட்டும். லண்டன்–கொழும்புத் துண்டுக்கு, வரியையும் சேர்த்து, 600 பவுண் கேட்கிறார்கள் என்று வைப்போம். விமானம் பறப்பது பத்தரை மணித்தியாலம் அளவில். ஏறும் நேரம், இறங்கும் நேரம், இரண்டு சாப்பாட்டையும் கழித்தால் படுக்கக்கூடியது ஆறு மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 100 பவுண். இந்தப் பணத்தை உங்கள் மகளோ மருமகனோ லண்டனில் எத்தனை மணித்தியாலம் நின்று உழைக்கிறார் என்று ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். யோசித்த பிறகும் எடுக்கலாம் என்று தோன்றினால் தாராளமாக எடுங்கள். மறுநாள் காலையே வேலைக்குப் போகவேண்டியவருக்கும், முதுகு அறுவைச் சிகிச்சை செய்தவருக்கும் அந்த ஆறு மணித்தியாலம் வேறு பெறுமதி.

டுபாய், டோஹா, அபுதாபி வழியாகப் போகிறவர்கள்?

கொழும்பிலிருந்து வளைகுடாவுக்கு நாலரை, ஐந்து மணித்தியாலம். அந்தத் துண்டுக்கு ஒரு சதமும் மேலதிகமாகக் கட்டாதீர்கள். கண்ணை மூடும் முன்னமே சாப்பாட்டுத் தட்டை எடுக்க வந்துவிடுவார்கள். இரண்டாம் துண்டுக்கு மட்டும் எடுக்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலான கம்பனிகள் துண்டு துண்டாகவே அப்கிரேட் விற்கின்றன.

கனடாப் பயணிகளுக்கு இது முக்கியம். கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானம் கிடையாது. டுபாயிலிருந்தோ டோஹாவிலிருந்தோ ரொறன்ரோ ஏறக்குறைய 14 மணித்தியாலம். நாங்கள் போட்டுக்கொடுக்கும் ரிக்கெட்டுகளில் அப்கிரேடை யோசிக்கலாம் என்று நாங்களாகவே வாய் திறந்து சொல்வது இந்த ஒரு துண்டுக்குத்தான்.

விமானத்தின் உள்ளமைப்பையும் பாருங்கள். எமிரேட்ஸின் பழைய போயிங் 777 விமானங்களில் பிஸ்னஸில் ஒரு வரிசை இருக்கைகள் 2-3-2 என்று இருக்கும். நடுவில் மாட்டினால் இரண்டு பக்கமும் ஆள். அவற்றை ஒவ்வொன்றாகப் புதுப்பித்து வருகிறார்கள். கட்டார் எயார்வேஸ் 2017இல் கொண்டுவந்த கியூசுவீட் என்ற பிஸ்னஸ் இருக்கையில் 1-2-1, கதவும் உண்டு. ஆனால் அந்தக் கம்பனியின் எல்லா விமானத்திலும் அது கிடையாது. "பிஸ்னஸ்" என்ற சொல்லுக்குக் காசு கட்டாமல், இருக்கை வரைபடத்தைப் பார்த்துக் கட்டுங்கள்.

டோஹாவில் இடைத்தங்கல் நீண்டால் லவுஞ் இல்லாமலும் சமாளிக்கலாம். ஹமாட் விமான நிலையத்தில் சாய்ந்து படுக்க அமைதி அறைகள் இலவசமாக இருக்கின்றன.

பிரீமியம் எக்கொனமி நடுத்தரமாக நல்லதுதானே?

எங்களுக்கு அதில் அரை மனதுதான். 1990களின் தொடக்கத்தில் தாய்வானின் ஈவா எயாரும் பிரித்தானியாவின் வேர்ஜின் அட்லாண்டிக்கும் தொடங்கி வைத்த வகுப்பு இது. இடைவெளி 38 முதல் 40 அங்குலம் வரை, அகலம் 19 அங்குலம் அளவில். நன்றாகச் சாயும், ஆனால் படுக்கை ஆகாது. உயரமானவருக்கும் முழங்கால் நோவுள்ளவருக்கும் நிம்மதி. தூக்கத்துக்காக எடுப்பவருக்கு ஏமாற்றம்.

எல்லாக் கம்பனியிடமும் இது இல்லை. ஸ்ரீலங்கனிலும் கட்டாரிலும் கிடையாது. எமிரேட்ஸின் சில விமானங்களில் உண்டு, சிங்கப்பூர் எயார்லைன்ஸ் 2015இலிருந்து வைத்திருக்கிறது. லண்டனிலிருந்து புறப்படுபவர் இதற்கும் பிஸ்னஸ் வரியே கட்டுகிறார் என்பதை மறக்கவேண்டாம்.

ஈமெயிலில் ஏலம் கேட்கச் சொல்லி வருகிறதே, எப்படி?

எதிஹாட் போன்ற பல கம்பனிகள் இப்படிச் செய்கின்றன. மிஞ்சிய பிஸ்னஸ் இருக்கைக்கு நீங்கள் ஒரு விலை சொல்லலாம். ஆகக் குறைந்த தொகையை அவர்களே போட்டிருப்பார்கள். பக்கத்தில் ஒரு மானி "பலவீனம்", "பலம்" என்று ஊசியை ஆட்டிக்காட்டும். அந்த ஊசியை நம்பி விலையை ஏற்றாதீர்கள். ஏற்றினால் லாபம் அவர்களுக்கு.

சொல்லும் தொகை பெரும்பாலும் ஒரு ஆளுக்கு, ஒரு துண்டுக்கு. இரண்டு பேர் ஒரே பதிவில் இருந்தால் இரட்டிப்பாகும். ஒருவர் முன்னுக்கும் மற்றவர் பின்னுக்கும் என்று பிரிக்கமாட்டார்கள். ஏற்றுக்கொண்டால்தான் கார்ட்டில் காசு வெட்டுவார்கள். வெட்டிய பிறகு திருப்பித் தரமாட்டார்கள். முடிவு புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்னர்தான் வரும் என்பதால், நீர்கொழும்பு அறையை இதை நம்பி விட்டுவிடவேண்டாம். இங்கத்தைய வங்கிக் கார்ட்டில் டொலரிலோ பவுணிலோ கட்டினால் வங்கியும் தன் பங்கை எடுக்கும்.

எங்கள் யோசனை: உங்களுக்கு இது எவ்வளவு பெறும் என்று முதலில் ஒரு கடதாசியில் எழுதுங்கள், பிறகு ஈமெயிலைத் திறவுங்கள்.

ஆடி மாதம் ஊர் நிறையுமே, அப்போது கிடைக்குமா?

மாமாங்கேஸ்வரர் திருவிழாவும் வெளிநாட்டுப் பள்ளிக்கூட விடுமுறையும் ஒன்றாக வருவதால் யூலை, ஓகஸ்டில் எக்கொனமி நிரம்பி வழியும். அலுவல் பயணிகள் அந்த மாதங்களில் குறைவு. எக்கொனமியில் இடம் காலியாக்க விரும்பும் கம்பனி முன்பக்கத்தைக் கொஞ்சம் மலிவாக நீட்டுவதும் உண்டு. கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் ஏலாது, தனியப் போறா. பிஸ்னஸ் போடத்தான் வேணுமா?

இந்தக் கேள்வி பெரும்பாலும் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளிடமிருந்து வருகிறது. கேட்கும் குரலிலேயே பாதிப் பதில் இருக்கும்: அம்மாவை விட்டுவிட்டு வந்த மனக்குறையைக் காசு கட்டி ஆற்றப் பார்க்கிறார்கள். அதில் குற்றமில்லை. ஆனால் அம்மாவின் சிரமம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இருக்கையில் உட்கார்ந்திருப்பதைவிட நடப்பதும் வரிசையில் நிற்பதும் வாயிலைத் தேடுவதும்தான் அவரைக் களைக்கவைக்கும். டுபாயில் ஒரு வாயிலிலிருந்து இன்னொன்றுக்குப் போவது சின்ன நடை அல்ல.

முதலில், முடிந்தால் நேரடி விமானம் போடுங்கள். இரண்டாவது, சக்கர நாற்காலி கேளுங்கள். இலவசம். குறைந்தது 48 மணித்தியாலம் முன்னரே பதிந்துவிடுங்கள். செக்-இன்னிலிருந்து விமான வாசல் வரை, இறங்கிய இடத்தில் குடிவரவு தாண்டிப் பொதி எடுத்து வெளியே வரும் வரை ஆள் கூட வரும். "நான் நோயாளியா?" என்று அம்மா கோபிப்பார். போய்ச் சேர்ந்த பிறகு சரியாகிவிடும். மூன்றாவது, நடைபாதை ஓர இருக்கையைக் காசு கட்டியாவது பதிவு செய்யுங்கள். இரவில் கழிப்பறைக்குப் போக இரண்டு பேரை எழுப்பத் தயங்கியே பலர் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். அவசர வாசல் வரிசையில் கால் நீட்ட இடமிருக்கும், ஆனால் சக்கர நாற்காலி கேட்டவரை அங்கே இருத்தமாட்டார்கள்.

இவ்வளவும் செய்த பிறகு காசு மிச்சமிருந்தால், மருத்துவரும் கால் நீட்டிப் படுப்பது நல்லது என்று சொன்னால், இரவுத் துண்டுக்குப் பிஸ்னஸ் போடுங்கள். ஒன்று: அந்த இருக்கையை விரிக்கவும் மடக்கவும் பொத்தான்கள் இருக்கும். வீட்டில் ஒரு காணொளியைக் காட்டிப் பழக்கிவிடுங்கள். தெரியாமல் இரவு முழுக்க நிமிர்ந்தே இருந்துவிட்டு வந்தவர்களும் உண்டு.

அப்பாவும் அம்மாவும் சேர்ந்து போகிறார்கள்.

ஏர்பஸ் ஏ330 என்றால் எக்கொனமி 2-4-2. யன்னல் பக்க இரட்டை இருக்கையைப் பதிந்துவிடுங்கள். மூன்றாம் ஆள் தொல்லை இல்லை. நம் அனுபவத்தில் வயதான தம்பதிகளுக்கு இதைவிட மலிவான அப்கிரேட் கிடையாது.

எக்கொனமியில் போனால் காலில் இரத்தம் கட்டும் என்கிறார்களே?

இரத்தக் கட்டிக்குக் காரணம் வகுப்பு அல்ல, அசையாமல் இருப்பது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி நான்கு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணம் இந்த ஆபத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்குகிறது. அப்படியும் நீண்ட விமானப் பயணத்தில் அது ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு என்ற அளவுதான். விமானம் மட்டுமல்ல, பஸ், கார், ரயிலுக்கும் இது பொருந்தும் என்றும் அதே ஆய்வு சொன்னது. மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்கா வரையான வான் வண்டிப் பயணத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹபறணையில் இறங்கித் தேநீர் குடித்து நாலு அடி நடப்பது வீண் தாமதமல்ல.

விமானத்துக்குள் இடைக்கிடை எழுந்து நடங்கள், கணுக்காலைச் சுழற்றுங்கள், தண்ணீர் குடியுங்கள், தூக்க மாத்திரை வேண்டாம். முன்னர் இரத்தக் கட்டி வந்தவர், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்தவர், கர்ப்பிணிகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ளவர்கள் ரிக்கெட் போடும் முன் மருத்துவரைக் கேளுங்கள். இறுக்கமான காலுறை பலருக்கு உதவும். சர்க்கரை நோயால் காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கு அது கூடாமலும் போகலாம்.

பிஸ்னஸில் போனால் கருவாடு, அரிசிமா எல்லாம் கூடக் கொண்டுபோகலாமா?

பிஸ்னஸாகவே வாங்கிய ரிக்கெட்டில் எமிரேட்ஸும் கட்டாரும் 40 கிலோ தருகின்றன. கனடாப் பக்கம் கிலோக் கணக்கு இல்லை, பெட்டிக் கணக்கு: எமிரேட்ஸில் எக்கொனமிக்கு 23 கிலோப்படி இரண்டு என்றால், பிஸ்னஸுக்கு 32 கிலோப்படி இரண்டு. ஆனால் ஏலத்திலோ கடைசி நேரத்திலோ அப்கிரேட் ஆனவருக்குப் பல கம்பனிகள் பழைய எக்கொனமி அளவையே வைத்துக்கொள்கின்றன. மருதமுனைக் கைத்தறிப் புடவையும் மிளகாய்த்தூளும் நிறைத்த பெட்டியோடு கவுண்டரில் நின்று வாதாடுவதைவிட முதலே கேளுங்கள். பொதிக்காக மட்டும் பிஸ்னஸ் எடுப்பது கணக்குக்கு வராது. மேலதிகக் கிலோவை இணையத்தில் முன்கூட்டி வாங்குவது மலிவு. எருமைத் தயிர் எந்த வகுப்பிலும் போகாது. இலங்கையிலிருந்து பாற்பொருட்களைப் பிரித்தானியா உள்ளே விடுவதில்லை.

ஹலால், சைவச் சாப்பாடு?

எமிரேட்ஸ், கட்டார் இரண்டிலும் உணவு ஹலால். மற்றக் கம்பனிகளில் காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறைக்காரர் முன்கூட்டியே பதிவது நல்லது. சைவக்காரருக்கும் விரதகாரருக்கும் ஒரு எச்சரிக்கை: வகுப்பு மாறும்போது முன்னர் பதிந்த விசேட உணவு சிலவேளை அழிந்துவிடும். அப்கிரேட் உறுதியானதும் திரும்பப் பதியுங்கள்.

கைக்குழந்தையோடு போகிறோம்.

எக்கொனமியின் முன்வரிசையில் தொட்டில் மாட்டும் இடம் இருக்கும். அதை முந்திப் பிடியுங்கள், இலவசம் அல்லது சின்னத் தொகை. குழந்தை அழுதால் பிஸ்னஸிலும் அழும்.

நல்ல உடுப்புப் போட்டுப் போய்ச் சிரித்துக் கேட்டால் சும்மா மாற்றிவிடுவார்களா?

இல்லை. எக்கொனமி மிதமிஞ்சி விற்றுப்போனால் சிலரை முன்னுக்கு அனுப்புவார்கள். அப்போதும் கம்பனியின் உறுப்பினர் அட்டையில் மேல் தரத்திலிருப்பவர்களுக்கே முதலிடம். கேட்பதற்குக் காசில்லை, கேளுங்கள்.

மைல் புள்ளிகளால் முடியுமா?

அதிமலிவு ரிக்கெட்டுகளைப் பல கம்பனிகள் புள்ளியால் உயர்த்த விடுவதில்லை. லண்டன் உறவினரிடம் பிரிட்டிஷ் எயார்வேஸின் ஏவியோஸ் புள்ளிகள் சேர்ந்து கிடந்தால், கட்டார் எயார்வேஸும் 2022இலிருந்து அதே ஏவியோஸைப் பயன்படுத்துவதால், ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றிப் பிஸ்னஸ் இருக்கையையே நேரே எடுக்கலாம். உயர்த்துவதைவிட இப்படி எடுப்பது பெரும்பாலும் லாபம்.

முதலிலேயே பிஸ்னஸ் ரிக்கெட் வாங்குவது?

விலை பாருங்கள். கொழும்பில் தொடங்கி கொழும்பில் முடியும் பிஸ்னஸ் ரிக்கெட், லண்டனில் தொடங்கும் அதே பயணத்தைவிட மலிவாக வருவது அடிக்கடி நடக்கிறது. ஆகவே அம்மாவுக்கு ரிக்கெட் போடும் பிள்ளைகள் போக ஒன்று, வர ஒன்று என்று அங்கேயிருந்து தனித்தனியாகப் போடாமல், கொழும்பு விலையையும் கேட்டுப் பாருங்கள். கட்டாரிலும் எமிரேட்ஸிலும் ஆகக் குறைந்த பிஸ்னஸ் கட்டணத்தில் லவுஞ் சேராமல் இருக்கலாம், நிபந்தனையை வாசியுங்கள்.

பிஸ்னஸ் வாங்கிய பிறகு கடைசி நேரத்தில் எக்கொனமியில் இருத்திவிட்டால்?

பிரித்தானியாவிலிருந்தோ ஐரோப்பிய ஒன்றிய நாட்டிலிருந்தோ புறப்படும் விமானம் என்றால் எந்த நாட்டுக் கம்பனியானாலும் சட்டம் உங்கள் பக்கம். 3500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணத்தில் அந்தத் துண்டின் ரிக்கெட் விலையில் 75 வீதத்தை ஏழு நாட்களுக்குள் திருப்பித் தரவேண்டும். கொழும்பிலிருந்து ஸ்ரீலங்கனிலோ வளைகுடாக் கம்பனியிலோ புறப்படும்போது இந்தச் சட்டம் செல்லாது. அப்போது கம்பனியின் சொந்த விதிதான். எப்படியிருந்தாலும் இரண்டு போர்டிங் அட்டைகளையும் எறியாமல் வைத்திருங்கள். வவுச்சர் நீட்டினால் உடனே கையெழுத்துப் போடவேண்டாம்.